விதிகளால் கட்டிய வீடு: 'மம்சி, நேனி, சன்னி அண்ட் கேர்லி' படத்தின் பின்னணி

தேம்ஸ் நதிக்கரையில், விண்ட்சர் நகரத்துக்கு அருகே, ஓக்லி கோர்ட் என்றொரு மாளிகை இருக்கிறது. 1859ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இந்த விக்டோரியா காலக் கட்டடத்துக்குக் கூர்ங்கோபுரங்களும், பார்ப்பவரை அச்சுறுத்தும் கற்சிற்பங்களும் உண்டு. ஹாமர் நிறுவனம் தன் புகழ்பெற்ற திகில் படங்களை உருவாக்கிய பிரே ஸ்டுடியோ இதற்குப் பக்கத்து வளாகம்தான். கதைக்கு ஒரு பழைய மாளிகை தேவைப்பட்டால் படப்பிடிப்புக் குழு பக்கத்து நிலத்துக்கு வந்து, முகப்பைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். 1960இல் வெளிவந்த 'தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா', 1966இல் வெளிவந்த 'தி ரெப்டைல்' போன்றவற்றில் இந்த முகப்பைப் பார்க்கலாம். கதவைத் திறந்து உள்ளே போனால் அடுத்த காட்சி ஸ்டுடியோ அரங்கில் இருக்கும். பிரிட்டனின் திகில் பட ரசிகர்கள் பல ஆண்டுகள் வெளியிலிருந்து மட்டுமே பார்த்துப் பழகிய வீடு இது.

அந்த வீட்டுக்குள் நுழைந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஃபிரெடி பிரான்சிஸ் விரும்பினார். 1970இல் வெளிவந்த 'மம்சி, நேனி, சன்னி அண்ட் கேர்லி' அந்த விருப்பத்தில் பிறந்த படம். பொதுவாகக் கதை முதலில் எழுதப்படும், அதற்கேற்ற இடத்தைப் பிறகு தேடுவார்கள். இங்கே வீடு முதலில் இருந்தது. அதில் குடியிருக்கத் தகுந்த ஒரு குடும்பத்தைப் பிறகு தேடினார்கள். திரைக்கதை எழுதப் பிரையன் காம்போர்ட்டை அமர்த்தினார் பிரான்சிஸ். மெய்சி மாஸ்கோ எழுதிய 'ஹாப்பி ஃபேமிலி' என்ற மேடை நாடகம் அவர்களுக்கு வேண்டிய குடும்பத்தைக் கொடுத்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், கொலைகள் மலிந்த இந்தப் படத்தில் நம்மை உண்மையில் கலங்க வைப்பது எது என்பது விளங்கும். இந்த நான்கு பேரும் வீட்டை ஆள்பவர்களாகத் தோன்றவில்லை. வீடுதான் அவர்களை ஆள்கிறது.

பிரான்சிஸ் 1917இல் லண்டனில் பிறந்தவர்; அடிப்படையில் ஒளிப்பதிவாளர். 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' (1960) படத்தின் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் விருது பெற்றார். அடுத்த ஆண்டே 'தி இன்னசன்ட்ஸ்' படத்தில், ஒரு பெரிய மாளிகையையும் அதில் வாழும் இரண்டு குழந்தைகளையும் கறுப்பு வெள்ளையில் அவர் ஒளிப்பதிவு செய்த விதத்தை இன்றும் திரைப்பட மாணவர்கள் பாடமாகப் பார்க்கிறார்கள். இவ்வளவு நுட்பமான கலைஞர் இயக்குநராக மாறியபோது, ஹாமர், அமிகஸ் ஆகிய நிறுவனங்களின் திகில் படங்களே தொடர்ந்து அவரிடம் வந்தன. பிறர் முடிவு செய்த கதை, பிறர் முடிவு செய்த நடிகர்கள், பிறர் வகுத்த வரவு செலவு என்று ஏறக்குறைய பத்தாண்டுகள் உழைத்த ஒருவர், தன் கட்டுப்பாட்டில் முழுமையாக அமையக்கூடிய ஒரு படத்துக்காக ஏங்கியதில் வியப்பில்லை. அவர் இயக்கிய படங்களில் இதுவே தலைசிறந்தது என்பது என் துணிபு. ஒளிப்பதிவாளராக அவர் பின்னர் 'தி எலிஃபென்ட் மேன்' (1980) போன்ற பெரும் படங்களுக்குத் திரும்பினார். 'குளோரி' (1989) படத்துக்காக இரண்டாவது ஆஸ்கரையும் வென்றார். ஆனால் இயக்குநர் பிரான்சிஸைத் தேடுபவர்கள் வர வேண்டிய இடம் ஓக்லி கோர்ட்தான்.

கதையின் அமைப்பு எளிமையானது. ஒதுக்குப்புறமான மாளிகையில் நால்வர் வாழ்கிறார்கள். மம்சி அம்மா. நேனி குழந்தைகளை வளர்க்கும் ஆயா. சன்னியும் கேர்லியும் பிள்ளைகள். வளர்ந்துவிட்ட பிறகும் பள்ளிச் சீருடை அணிந்து, மழலை பேசி, சிறு குழந்தைகளாகவே நடந்துகொள்கிறார்கள். நால்வரில் ஒருவருக்கும் இயற்பெயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'மம்சி' என்பது குழந்தை வாயில் குழைந்த 'அம்மா'. 'சன்னி' என்பது ஒரு சிறுவனைச் செல்லமாக விளிக்கும் சொல். 'கேர்லி' என்பது 'பெண்' என்ற பொதுச்சொல்லின் கொஞ்சல் வடிவம். பெயருக்குப் பதிலாகப் பதவிகள்தான் இருக்கின்றன. ஒருவர் இறந்தாலும் பதவி அப்படியே இருக்கும், இன்னொருவர் வந்து அமரலாம் என்ற எண்ணத்தைப் படம் தன் தலைப்பிலேயே விதைத்துவிடுகிறது.

சன்னியும் கேர்லியும் பூங்காக்களிலும் விலங்குக்காட்சிச் சாலையிலும் திரிந்து, வீடற்றவர்கள், குடிகாரர்கள் போன்ற, காணாமல் போனால் யாரும் தேடாத ஆண்களை வீட்டுக்கு அழைத்துவருகிறார்கள். வந்தவருக்குப் 'புது நண்பன்' என்று பெயர். அவருக்கும் சீருடை உண்டு, படுக்கையறை உண்டு, உறங்கும் நேரம் உண்டு. அவர் 'ஆட்டம்' என்று அவர்கள் அழைப்பதில் சேர வேண்டும். மறுத்தாலோ தப்பிக்க முயன்றாலோ, 'தேவதூதர்களிடம் அனுப்பி' வைக்கப்படுவார். இறந்தவரைப் பற்றிக் கேட்கும் குழந்தைக்கு 'சாமிகிட்டப் போயிட்டார்' என்று நாம் சொல்லும் அதே வகையான சொல்தான் இது. கொலையைக் கொலை என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அது ஒரு சிறுவர் விளையாட்டாகவே அரங்கேறும். சன்னி அதைத் தன் கேமராவில் பதிவு செய்வான். பிறகு குடும்பம் ஒன்றாக அமர்ந்து அதைப் பார்த்து மகிழும்.

ஆங்கிலேயக் குழந்தைப் பாடல்களை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பழைய வாடை வீசும். 'ஆரஞ்சஸ் அண்ட் லெமன்ஸ்' என்ற பாடலை லண்டன் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடி ஆடியிருக்கிறார்கள். இரண்டு பேர் கைகோத்து வளைவு அமைப்பார்கள். மற்றவர்கள் வரிசையாக அதனடியில் நுழைந்து போவார்கள். தேவாலய மணிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகும் பாடல், உன்னைப் படுக்கைக்கு அழைத்துப்போக மெழுகுவர்த்தி வருகிறது, உன் தலையை வெட்ட வெட்டரிவாள் வருகிறது என்று முடியும். அந்தக் கணத்தில் வளைவுக்குள் இருப்பவர் அகப்படுவார். வன்முறை குழந்தை அறைக்கு வெளியிலிருந்து வந்ததல்ல, அங்கேயே தாலாட்டோடு வளர்ந்தது என்பதை இந்தப் படத்தை உருவாக்கியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆட்டத்துக்குப் பல விதிகள் உண்டு. அவற்றுள் முதல் விதி: ஆட்டத்தை ஆடு. தமிழில் சொல்லும்போது வெற்றுச் சுழற்சியாகத் தோன்றும் இந்த வாக்கியம், ஆங்கிலேயர் காதில் ஒரு பெரும் எதிரொலியோடு விழும். 'ஆட்டத்தை ஆடுதல்' என்பது அவர்கள் வழக்கில் கண்ணியமாக நடந்துகொள்வது, முறை தவறாமல் இருப்பது, தோல்வியிலும் முகம் சுளிக்காதது என்றெல்லாம் பொருள்படும். 1892இல் ஹென்றி நியூபோல்ட் எழுதிய 'விட்டாய் லம்பாடா' என்ற கவிதை இந்தத் தொடருக்கு ஏறக்குறைய மதச் சடங்கின் கனத்தைக் கொடுத்தது. அதன் முதல் பகுதியில் ஒரு பள்ளிக் கிரிக்கெட் ஆட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது. கடைசி மட்டையாளனின் தோளில் தலைவன் கைவைத்து, ஆடு, ஆட்டத்தை ஆடு என்கிறான். இரண்டாம் பகுதியில் அதே பையன் ஒரு பாலைவனப் போர்க்களத்தில் இருக்கிறான். இயந்திரத் துப்பாக்கி பழுதாகி நிற்கிறது, கர்னல் இறந்துவிட்டார், மணல் இரத்தத்தால் சிவந்திருக்கிறது. அப்போதும் சிதறிய வீரர்களை ஒன்றுசேர்ப்பது அந்தப் பள்ளிக்கூடக் குரல்தான். பேரரசுக்காகச் சாவதும் பள்ளி மைதானத்தில் பந்தை எதிர்கொள்வதும் ஒரே ஒழுக்கத்தின் இரண்டு வடிவங்கள் என்று அந்தக் கவிதை உறுதியாக நம்பியது. முதல் உலகப் போருக்குச் சென்ற தலைமுறை இத்தகைய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்ததே.

மம்சியின் வீட்டில் ஒலிப்பதும் அதே கட்டளைதான். படத்தில் நாம் பார்க்கும் நண்பர்களில் ஒருவர் பெயரில்லாத ஒரு ராணுவ வீரர் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வேடத்தில் நடித்தவர் ராபர்ட் ஸ்வான். அவர் 1968இல் லிண்ட்சே ஆண்டர்சன் இயக்கிய 'இஃப்' படத்தில், ஒரு விடுதிப் பள்ளியில் மாணவர்களைப் பிரம்பால் அடிக்கும் மூத்த மாணவனாக நடித்தவர். அங்கே விதிகளின் காவலன், இங்கே விதிகளுக்குப் பலி. நடிகர் தேர்வில் யாரும் இதைத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, ஒரே கல்வி முறையின் இரு முனைகளைப் பார்த்த உணர்வு எழுவதைத் தவிர்க்க முடியாது.

இந்த வீட்டில் அப்பா இல்லை. அவர் எங்கே போனார் என்பதற்குப் படம் எந்தக் கதையும் கட்டுவதில்லை. அந்த மௌனம் படத்தின் பலங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். காரணம் சொல்லியிருந்தால் இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் நோயாகச் சுருங்கியிருக்கும். சொல்லாததால் ஒரு வர்க்கத்தின் நிலையாக விரிகிறது. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய மாளிகைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. வாரிசுகளைப் போர்கள் கொண்டுபோயின, இறப்பு வரி நிலத்தைக் கொண்டுபோனது, குறைந்த கூலிக்கு வேலை செய்ய ஆட்கள் கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. 1974இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்த அழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி நடத்தியது. ஓக்லி கோர்ட்டும் 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு குடியிருப்போர் இன்றிக் கிடந்தது; திரைப்படக்காரர்களுக்கு அது இவ்வளவு எளிதாகக் கிடைத்ததற்கு அதுவே காரணம். ஆள் இல்லாத மாளிகையில் பழைய சடங்குகளை மட்டும் விடாமல் நடத்திக்கொண்டிருக்கும் நான்கு பேரைப் பற்றிய கதையை, ஆள் இல்லாத மாளிகையிலேயே எடுத்திருக்கிறார்கள்.

ஆயாவின் இடமும் இதில் முக்கியமானது. ஆங்கிலேய மேல்தட்டுக் குடும்பங்களில் தாய் தேநீர் வேளைக்குப் பிறகு சிறிது நேரம் பிள்ளைகளைப் பார்ப்பதும், மற்ற நேரமெல்லாம் ஆயாவே குளிப்பாட்டி, ஊட்டி, கண்டித்து வளர்ப்பதும் நெடுங்கால வழக்கம். குழந்தையின் அன்பு யாருக்கு உரியது என்ற போட்டி அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. படத்தில் மம்சியும் நேனியும் அன்போடு பேசிக்கொள்ளும்போதே, ஒருத்தி எஜமானி, மற்றவள் கூலிக்காரி என்பது ஒவ்வொரு சொல்லிலும் தெரியும். மம்சியாக நடித்த அர்சுலா ஹோவல்ஸும் நேனியாக நடித்த பாட் ஹேவுட்டும் இந்தச் சமநிலையை மிக நுட்பமாகக் கையாளுகிறார்கள். பாட் ஹேவுட் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஃபிராங்கோ செஃபிரெல்லியின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' படத்தில் ஜூலியட்டின் செவிலித்தாயாக நடித்து எல்லோர் மனத்தையும் கவர்ந்திருந்தார். அதே உருண்டை முகமும் அதே பரிவும் இங்கே வருவதால், அந்தப் பரிவு புளித்துப் பொறாமையாவதைப் பார்க்க இன்னும் வேதனையாக இருக்கிறது.

கதை திரும்புவது மைக்கேல் பிரயன்ட் நடித்த பாத்திரம் வந்த பிறகு. பணத்துக்காகப் பெண்களோடு செல்லும் அந்த மனிதனும், அவனை அமர்த்திய பெண்ணும் இரவு விருந்தொன்றுக்குப் பின் போதையில் இருக்கும்போது பிள்ளைகள் கையில் அகப்படுகிறார்கள். விளையாட்டுத் திடலின் உயரமான சறுக்குமரத்திலிருந்து அந்தப் பெண்ணைத் தள்ளிக் கொன்றுவிட்டு, மறுநாள் தலைபாரத்தோடு விழிக்கும் அவனிடம், கொன்றவன் நீதான் என்று நம்ப வைக்கிறார்கள். பயத்தாலும் குற்ற உணர்வாலும் அவன் மாளிகைக்கு வந்து சேர்கிறான். முன்பு வந்தவர்கள் கதவையும் மதிலையும் பார்த்தார்கள். இவன் மனிதர்களைப் பார்க்கிறான். யார் யாரிடம் எதை எதிர்பார்க்கிறார்கள், எந்த ஆசை எந்த விதிக்கு அடியில் புதைந்திருக்கிறது என்று கணக்கிடுகிறான். முதலில் மம்சியை வசப்படுத்துகிறான். பிறகு கேர்லியின் மனத்தையும் தன்பக்கம் திருப்புகிறான். ஒதுக்கப்பட்ட நேனிக்குள் பொறாமை மூள்கிறது. ஒவ்வொருவர் மனத்திலும் அவனைப் பற்றித் தனித்தனி ஆசை வளர, ஒற்றைக் குடும்பம் பிளக்கிறது.

ஒரு வெளியாள் வீட்டுக்குள் வந்து, வீட்டாரின் அடங்கிய ஆசைகளைக் கிளறி, ஒழுங்கைக் கவிழ்க்கும் கதை அந்தக் கால பிரிட்டிஷ் நாடகத்துக்குப் புதிதல்ல. ஜோ ஆர்ட்டனின் 'என்டர்டெய்னிங் மிஸ்டர் ஸ்லோன்' (1964) நாடகம், அக்காளும் தம்பியும் ஒரு கொலைகார இளைஞனை ஆறு ஆறு மாதம் பங்கிட்டுக்கொள்ள ஒப்புவதோடு முடியும். நாடகங்களை முன்கூட்டியே தணிக்கை செய்ய லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரிக்கு இருந்த உரிமை 1968இல்தான் நாடகச் சட்டத்தால் நீங்கியது. வரவேற்பறைக்குள் மூடி வைத்திருந்தவற்றை வெளியே எடுத்துப் பேசும் வேகம் அந்த ஆண்டுகளில் மேடையிலும் திரையிலும் ஒன்றாக எழுந்தது. பிரான்சிஸின் படம் அந்த அலையில் வந்தது. அவருடைய தனித்திறன், இந்த வகைப் பொருளை மேடைப் பேச்சாக விட்டுவிடாமல் பகல் வெளிச்சத்தில் வைத்ததில் இருக்கிறது. புல்வெளி, தேநீர் மேசை, சறுக்குமரம், சுத்தமாகத் தேய்த்த சீருடை என்று எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. இருட்டில் ஒளிந்திருக்கும் எதற்கும் இங்கே வேலை இல்லை.

இதையும் நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 'தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்' படத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். கொலைகாரக் குடும்பம் ஒன்றாக அமர்ந்து உணவருந்தும் காட்சி அதிலும் உண்டு. ஆனால் அந்த அமெரிக்கக் குடும்பம் வேலை இழந்த, நாட்டுப்புற ஏழைக் குடும்பம். நாகரிகம் கைவிட்ட இடத்தில் காட்டுமிராண்டித்தனம் முளைக்கிறது என்பது அதன் அச்சம். மம்சியின் வீட்டில் நாகரிகம் கொஞ்சமும் குறையவில்லை. கைகழுவாமல் யாரும் சாப்பிடுவதில்லை, நன்றி சொல்லாமல் யாரும் எழுவதில்லை. அந்த நாகரிகத்தின் பெயராலேயே தலைகள் விழுகின்றன. பிரான்சிஸின் படம் இந்த வகையில் கூடுதல் துணிச்சல் உடையது.

வெளியானபோது பிரிட்டனில் இதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. வயது வந்தோருக்கு மட்டுமான எக்ஸ் சான்றிதழோடு வந்த ஒரு படம், ஹாமர் ரசிகர்கள் எதிர்பார்த்த இரத்தக் காட்டேரிகளையும் தரவில்லை, நகைச்சுவை ரசிகர்கள் எதிர்பார்த்த சிரிப்பையும் தரவில்லை. அமெரிக்காவில் தலைப்பை 'கேர்லி' என்று சுருக்கி, கேர்லியாக நடித்த வனெசா ஹோவர்டின் தோற்றத்தையே விளம்பரமாக்கி விற்றார்கள். நால்வரின் கதை ஒருத்தியின் கவர்ச்சிப் படமாகத் திரிக்கப்பட்டது. இது படத்துக்கும் அந்த நடிகைக்கும் இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன். கேர்லியின் சிரிப்பு ஒரு கணம் உண்மையான குழந்தையின் சிரிப்பாகவும் மறுகணம் எதிரே இருப்பவனை அளந்து பார்க்கும் பார்வையாகவும் மாறுவதை, இடையில் எந்த மூட்டும் தெரியாமல் செய்து காட்டியிருக்கிறார் வனெசா ஹோவர்ட். அவர் அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே நடிப்பை விட்டு விலகிவிட்டார். பிற்காலத்தில் படம் தொலைக்காட்சி ஒளிபரப்புகள், பழைய நகல்கள் வழியாகக் கைமாறிக் கைமாறி ஒரு சிறு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. 2010இல் அமெரிக்காவில் டிவிடியாக வெளிவந்த பிறகு கல்ட் படம், அதாவது ஒரு சிறு கூட்டம் தீவிரமாகக் கொண்டாடும் படம், என்ற பெயர் நிலைத்தது. ஐந்தாம் அறையில் நோயுற்றுக் கிடக்கும் நண்பனாகச் சிறு வேடத்தில் வரும் ஹியூ ஆம்ஸ்ட்ராங், 1972இல் 'டெத் லைன்' படத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதைக்குள் வாழும் மனிதனாக நடித்து மறக்க முடியாதவரானார் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். கல்ட் படங்களின் ரசிகர்கள் இப்படித்தான் ஒரு முகத்திலிருந்து இன்னொரு படத்துக்குப் போகிறார்கள்.

கடைசிப் பகுதியைச் சொல்லாமல் இந்தப் படத்தை விளக்க முடியாது. புது நண்பனைத் தேவதூதர்களிடம் அனுப்பிவிட வேண்டும் என்று சன்னி தாயிடம் கேட்கிறான். ஆட்டத்தின் விதிப்படி அவன் கேட்டது நியாயமானதே. ஆனால் கேர்லி ஒரு பழங்காலக் கண்ணாடியால் சன்னியையே அடித்துக் கொல்கிறாள். அதற்காக மம்சி அழுது புலம்பவில்லை. பிறகு நேனி, அமிலம் தோய்த்த ஊசிகளால் எஜமானியைத் தீர்க்க முயல்கிறாள். அவளும் கேர்லியின் கோடரிக்கு இரையாகிறாள். மிஞ்சியது தாயும் மகளும். புது நண்பனை இன்னின்ன நாள் உனக்கு, இன்னின்ன நாள் எனக்கு என்று வாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அவன் ஒருநாள் அலுத்துப்போவான், அப்போது அனுப்பிவைத்துவிடலாம் என்பதிலும் இருவருக்கும் ஒத்த கருத்து.

இதே நேரத்தில் மேலே தன் அறையில், நேனி ஒளித்து வைத்த ஊசிகளைப் புது நண்பன் கண்டெடுக்கிறான். பார்ப்பவர் மனம் அந்த இடத்தில் தப்பித்தலை எதிர்பார்க்கும். இருந்த நால்வரில் இருவர் இல்லை. கையில் ஆயுதமும் கிடைத்துவிட்டது. அவனோ தனக்குள் சிரித்துக்கொண்டு, வேளை வரும்போது உதவும் என்று ஊசிகளை மறுபடி ஒளித்து வைக்கிறான். வெளியே போகும் எண்ணம் அவனிடம் இல்லை. சன்னியின் இடம் காலியாக இருக்கிறது. நேனியின் ஆயுதம் புது உரிமையாளரைக் கண்டுவிட்டது. முதல் விதியை அவன் இப்போது யாரும் சொல்லாமலே பின்பற்றுகிறான்.